மைனஸ் முப்பதில் டீசல்

எட்மன்டன், ஆல்பர்ட்டா
ஜனவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி என்று மறக்காமல் எழுது. லாரியில் லடாக்கின் லே பக்கம் லோடு ஏற்றலாமா, டீசல் உறைந்தால் என்ன செய்வது, இந்த ஊர்க்காரர்கள் டேங்கில் என்னத்தை ஊற்றுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். இந்தக் கடிதம் முழுக்க அதுதான்.

இந்த மாதம் ராத்திரியில் மைனஸ் 30 வரைக்கும் இறங்கிவிடும். வண்டி நிறுத்துகிற இடத்தில் ஆளுக்கொரு கரண்ட் பிளக் இருக்கும். வண்டியின் மூக்கிலிருந்து ஒரு ஒயர் தொங்கும்; கிளம்புவதற்கு மூன்று நாலு மணி நேரம் முன்னால் அதைச் செருகுவார்கள். அது இன்ஜினில் ஓடும் கூலண்டைத்தான் சூடாக்கும், டேங்க்கையும் பில்டரையும் தொடாது. அதனால் இன்ஜின் கதகதப்பாக இருக்க, டீசல் மட்டும் வராமல் நிற்பது இங்கே சாதாரணம்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் வராதே, அதே சங்கதிதான். டீசலுக்குள் மெழுகு இருக்கிறது. அது அழுக்கு இல்லை. நன்றாக எரிகிற சரக்கு என்பதால் சுத்திகரிப்பு ஆலையில் அதை முழுக்க எடுப்பதில்லை. குளிர ஆரம்பித்ததும் முதலில் டீசல் மங்கும். அப்போது மெழுகு தகடு தகடாகப் பிரிந்து, சல்லடை மேல் ஈர அப்பளம் ஒட்டுகிற மாதிரி பில்டரில் ஒட்டிக்கொள்ளும். டேங்கைத் திறந்து பார்த்தால் டீசல் தண்ணீராகத்தான் ஆடும், ஆனால் பில்டர் அடைத்திருக்கும். இன்னும் குளிர்ந்தால்தான் மொத்தமும் நெய் மாதிரி இறுகும். உனக்கு வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு அளவு: 45 மைக்ரான் கம்பிச் சல்லடை வழியாக 20 மில்லி டீசல் 60 வினாடிக்குள் ஏறாமல் நின்றுவிடுகிற வெப்பநிலை. சி.எஃப்.பி.பி. என்பார்கள்.

இனி, ஊற்றுகிற மருந்து. அது மெழுகை எடுக்கவும் எடுக்காது, கரைக்கவும் கரைக்காது. பெரும்பாலும் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்கிற பாலிமர். மெழுகு பிரிகிற நேரத்தில் அதோடு ஒட்டி, பெரிய தகடாக வளர விடாமல் பொடிப்பொடியாக நிறுத்திவிடும். அப்பளத்துக்குப் பதில் ரவை. ரவை சல்லடையில் தங்கினாலும் இடுக்கு வழியே டீசல் போய்விடும். நல்ல டீசலாக அமைந்தால் சி.எஃப்.பி.பி. பத்து டிகிரி வரை இறங்கும். சில டீசல் அவ்வளவாகக் கேட்காது.

சந்தேகமிருந்தால் சோதித்துப் பார். இரண்டு கண்ணாடி பாட்டிலில் லிட்டர் லிட்டராக டீசல் பிடி. ஒன்றில் மட்டும் சிரிஞ்சால் இரண்டரை மில்லி மருந்து விட்டுக் குலுக்கி, குளிர் ஊரில் ராத்திரி வெளியே வை. காலையில் இரண்டும் மங்கித்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்று கொட்டிவிடாதே. இரண்டையும் ஒரே மாதிரித் துணியில் வடித்துப் பார், வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

மெழுகு பிரிந்த பிறகு ஊற்றினால் மருந்துக்கு அங்கே வேலையே இல்லை, ஆட்கள் ஏமாறுவது இதில்தான். டீசல் தெளிவாக இருக்கும்போதே சேர்க்க வேண்டும். மருந்தை முதலில் ஊற்றி, அதன்மேல் டீசல் பிடித்தால் தானாகக் கலந்துவிடும். நாங்கள் வாங்கும் வெள்ளை பாட்டில் 400 லிட்டருக்கு ஒரு லிட்டர் கணக்கு. வேறு பாட்டில் என்றால் மேலே அச்சிட்டிருக்கும் அளவு. அதிகம் ஊற்றினால் அதிகம் தாங்கும் என்பதில்லை. பாட்டிலை கேபினுக்குள் வை. வெளியே கிடந்தால் மருந்தே தேன் மாதிரி கெட்டியாகி டேங்கின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

உண்மையில் இங்கே உள்ளூரில் டீசல் பிடிக்கிறவனுக்கு மருந்து அவ்வளவாகத் தேவைப்படாது. மண்ணெண்ணெய் போன்ற லேசான சரக்கைச் சேர்த்து, அரை மாதத்துக்கு ஒரு அளவு என்று வட்டாரவாரியாக மாற்றிக் குளிர்கால டீசலாகவே விற்கிறார்கள். நடுரோட்டில் நிற்பது யார் என்றால், தெற்கே அமெரிக்காவின் வெயில் ஊரில் இரண்டு டேங்கும் நிரப்பிக்கொண்டு நேராக மேலே வருகிறவன்.

நீயும் அந்த ஆள்தான். நம்மூர் டீசலுக்கு விதிப்படி சி.எஃப்.பி.பி. கோடையில் 18 டிகிரி வரை, குளிர்காலத்தில் 6 டிகிரி வரை இருக்கலாம். அதில் பத்து டிகிரி கழித்தாலும் லே ராத்திரிக்கு எங்கே போதும்? அதனால் நாமக்கல்லில் நிரப்பிய டீசலை மலை ஏறும் முன்பே தீர்த்துவிட்டு, மேலே குளிர்கால டீசல் பிடி. இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்கென்று விட்டது மைனஸ் 33 வரை இறுகாது. காலி டேங்கில் பிடிப்பதுதான் நல்லது. பாதி பழையது கிடந்தால் அதன் மெழுகும் சேர்ந்தே வரும்.

டீசலில் சேரும் தண்ணீரை மறந்துவிடாதே. மலைக்கு முந்தைய நாள் அதைப் பிரித்துத் தேக்கி வைக்கும் வாட்டர் செப்பரேட்டரைத் திறந்து வடித்துவிடு. பில்டர் அடைத்தால் கழற்றிக் கதகதப்பான இடத்தில் வை. நெய் மாதிரி வெளுத்த படலம் உருகி டீசலாகவே மாறினால் மெழுகு. அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் பனிக்கட்டி. வெள்ளை பாட்டில் பனிக்கட்டியை உருக்காது.

அடைப்பின் அடையாளம் இது: வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐந்து பத்து நிமிடம் ஐடிலில் ஓடும், லோடு இழுத்ததும் மூச்சு முட்டி அணையும். திரும்பத் திரும்பச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தால் பேட்டரிதான் போகும். இங்கே அதற்குச் சிவப்பு பாட்டில் என்று ஒன்று உண்டு, மெழுகைக் கரைக்கிற சரக்கு. அதை டேங்கில் ஊற்றி, புது பில்டர் போட்டு, கை பம்பால் காற்று எடுத்து, கால் மணி நேரமாவது ஐடிலில் விடு. ரிட்டர்ன் லைனில் திரும்பும் சூடான டீசல் டேங்கை மெல்ல இளக்கும். சிவப்பு பாட்டில் கிடைக்காவிட்டால் வண்டியை ஷெட்டுக்குள் இழுத்து நிறுத்து, நேரம் எடுத்தாலும் அதுவே நல்ல வைத்தியம்.

டேங்குக்கு அடியில் தீ மூட்டுகிற வேலையே வேண்டாம், யார் சொன்னாலும். பெட்ரோல் கலக்காதே: டேங்கிலிருந்து எழும் ஆவி தீப்பொறிக்குக் காத்திருக்கும், டீசலின் வழவழப்பு போய்ப் பம்பும் நாசிலும் தேயும். ரேஷன் நீல மண்ணெண்ணெய் கலப்பது சட்டப்படி குற்றம், புதிய புகை விதிப்படி வந்த பி.எஸ். 6 வண்டி என்றால் சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம் கெடுகிற செலவையும் சேர்த்துக் கணக்குப் போடு. புகையைச் சுத்தம் செய்ய தனி டேங்கில் ஊற்றும் யூரியாத் தண்ணீரான ஆட்புளூ மைனஸ் 11-ல் உறையும். அதற்கு வண்டியிலேயே ஹீட்டர் உண்டு. டீசல் மருந்தை அதில் ஊற்றிவிடாதே, விரிய இடம் விட்டு நிரப்பு.

பாட்டில் இங்கிருந்து அனுப்பச் சொல்லியிருந்தாய். தீப்பற்றும் சரக்கு, விமானத் தபாலில் எடுக்க மாட்டார்கள். அங்கேயே லாரி உதிரிபாகக் கடையில் விசாரி. பில்டர் இரண்டு செட் கூடவே வைத்துக்கொள். உன் டேங்க் எத்தனை லிட்டர் என்று எழுது, மருந்துக் கணக்கைப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்