குண்டு முதலில், சத்தம் பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. பாம்பனில் எல்லோரும் சுகம். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. படகுப் பலகை இடுக்குகளை அடைத்துக் கலப்பத்து அடித்து, பெயின்டும் பூசியாகிவிட்டது. கைக்கு வேலை இல்லை. போன மாதம் வந்தபோது மடிக்கணினியில் நீ காட்டிய அந்த விளையாட்டுதான் நினைப்பில் ஓடுகிறது. போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்னைப்பர் எலைட் 4 என்று பெயர் சொன்னாய். 1943, இத்தாலி. கார்ல் ஃபேர்பர்ன் என்று ஒரே ஒரு ஆள். புல்லுக்குள்ளே படுத்துக் கிடக்கிறான், பைனாகுலரில் பார்க்கிறான், காத்திருக்கிறான். ஓடி ஓடிச் சுடுகிற விளையாட்டு என்றால் நான் எழுந்து போயிருப்பேன். இதில் காத்திருப்பதுதான் வேலை என்றதும் உட்கார்ந்துவிட்டேன். காற்று குண்டைத் தள்ளும், தூரம் கூடக்கூடக் குண்டு தாழும், அதற்குத் தகுந்தமாதிரி விலக்கிக் குறி வைக்க வேண்டும் என்றாய். கச்சான் காற்றில் வலை விடுகிறவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வலை விழும் இடம் வேறு, நிற்கும் இடம் வேறு.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாளே, ஞாபகம் இருக்கிறதா? விளையாட்டில் அந்த கார்ல் ஓடி வந்து உடனே குறி வைத்தால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சைப் பிடிக்க முடியவில்லை. "இது சரியாத்தான் செஞ்சிருக்காங்க, ஓடி வந்த மேனிக்கு முங்கினா பாசி எடுக்க முடியாது" என்றாள். முப்பது வருஷமாகத் தீவுப் பக்கம் முங்கிப் பாசி எடுக்கிறவள் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும்.

விமானம் மேலே போகும்போதோ ஜெனரேட்டர் இரையும்போதோ சுட்டால் யாருக்கும் கேட்காது என்று காட்டினாய். சின்ன வயதில் பழைய ரயில் பாலத்துக்கு அடியில் வத்தையில் போவோம். மேலே வண்டி போகும்போது எவ்வளவு கத்தினாலும் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. அந்தப் பாலம் 1914-ல் திறந்தது. இப்போது புதுப் பாலத்தில் வண்டி போகிறது, சத்தமும் வேறாகிவிட்டது.

நான் எழுத வந்தது இன்னொன்று, தம்பி. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நீ அம்மா வயிற்றில் இருந்த வருஷம். அக்கரையில், இலங்கையில், சண்டை நடந்துகொண்டிருந்தது. கச்சத்தீவுக்கு இந்தப் பக்கம், இறாலுக்குப் போயிருந்தோம், நாலு பேர். விடிகிற நேரம். ஒரு ரோந்துப் படகு கரைக்கும் எங்களுக்கும் நடுவில் வந்து நின்றது. அரை மைல் இருக்கும். மேல்தட்டில் என்னமோ ஒன்று மினுங்கியது. உதித்து வந்த வெயில் கண்ணாடியில் பட்டது. பைனாகுலர்தான். எஞ்சினை நிறுத்தினோம்.

அப்புறம் தலைக்கு மேலே சாட்டையைச் சொடுக்கினமாதிரி ஒரு சத்தம். பக்கத்துத் தண்ணீர் சீறி எழும்பியது. அதற்கும் பிறகுதான், தூரத்திலிருந்து 'டொம்' என்று வந்தது. துப்பாக்கிச் சத்தம் கடைசியாக வருகிறது, தம்பி. நான்கு முறை அப்படியே. சாட்டை, தண்ணீர், டொம். சத்தம் நொடிக்கு 340 மீட்டர்தான் போகும், இந்தத் துப்பாக்கிக் குண்டு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகம் என்று நீ சொன்ன பிறகுதான் ஏன் அப்படிக் கேட்டது என்று விளங்கியது. இத்தனை வருஷம் பயத்தில் காது குழம்பியது என்றே நினைத்திருந்தேன்.

இறாலுக்கு நடுவில் குப்புறப் படுத்துக் கிடந்தோம். யாருக்கும் அடி இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர்கள் போய்விட்டார்கள். சட்டைப் பையில் பாலித்தீனில் சுற்றிய சீட்டு இருந்தது. அம்மா எழுதியது. "புளி கால் கிலோ. சீரகம். மாங்காய் கிடைத்தால் இரண்டு." மாங்காயை மட்டும் அடிக்கோடு போட்டிருந்தாள்.

அதனால்தான் அந்த விளையாட்டில் விழுந்துகிடக்கும் சிப்பாயின் பையில் நீ கடிதத்தை எடுத்துப் படித்தபோது என்னால் பேச முடியவில்லை. பைனாகுலரில் ஒருவனைக் குறித்து வைத்தால் அவனைப் பற்றி இரண்டு வரி வருகிறதே, அதை யோசித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கத்தைச் சொல்வேன். எங்களைப் பார்த்த கண்ணாடியில் அப்படி ஒரு வரியும் வந்திருக்காது. குண்டு எலும்பை உடைப்பதை எக்ஸ்ரே படம்போல மெதுவாகக் காட்டுவதை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. செட்டிங்ஸில் போய் நிறுத்தலாம் என்று நீயே நிறுத்தினாய். நல்ல காரியம்.

பின்லாந்துக்காரர் சிமோ ஹேஹா கதையும் சொன்னாய். 1939-40 பனிக்காலச் சண்டையில் லென்ஸே வைக்காமல் வெறும் இரும்புக் குறியில் சுட்டவர், கண்ணாடி மினுங்கினால் தெரிந்துவிடும் என்பதற்காக. வாயில் பனியை அடக்கி மூச்சின் ஆவியை மறைத்தவர். எனக்கு அந்த மினுக்கம் தெரிந்ததால்தான் குனிய ஒரு நொடி கிடைத்தது. அதை நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது.

பெங்களூரில் உனக்கு ஒலிப் பிரிவில் வேலை என்றாய். நீங்கள் செய்யும் விளையாட்டில் சுடப்படுகிறவன் காதுக்கு என்ன கேட்கும் என்பதை நீ சரியாக வைக்க வேண்டும். சாட்டை, தண்ணீர், டொம். இதை எனக்காகச் செய். இன்னொரு சத்தமும் இருக்கிறது. எஞ்சின் நின்ற படகில் காதைப் பலகையோடு ஒட்டிப் படுத்தால், அடியில் தண்ணீர் தட்டுவது சொந்த நெஞ்சு அடிப்பதுபோலவே கேட்கும். எது எது என்று பிரிக்க முடியாது. அதை எழுத்தில் காட்ட எனக்குத் தெரியவில்லை.

15-ஆம் தேதி படகு இறங்குகிறது. முந்தின நாள் ராத்திரி வந்துவிடு, உன் ஒலிப்பதிவுக் கருவியையும் எடுத்து வா. கரைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி எஞ்சினை அணைக்கிறேன். நீயே படுத்துக் கேள். அம்மா நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா