மூலையில் சிக்கும் அலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இடத்தின் வடிவமே குவாண்டம் துகளைச் சிறைப்பிடிக்கும் என்ற செய்தியை அறிவியல் பக்கத்தில் வெளியிட்டமைக்கு நன்றி. ஆனால் ‘வளைந்த சுவர் எலெக்ட்ரானை ஈர்க்கிறது’ என்ற வரி தவறு. சுவர் எதையும் ஈர்ப்பதில்லை.

குறுகிய வாய்க்காலுக்குள் எலெக்ட்ரான் அலை ஓட குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று தேவை. அதை 1 என்று கொள்வோம். ‘ட’ எழுத்தைப் போல வாய்க்கால் செங்கோணமாகத் திரும்பும் இடத்தில், மூலைவிட்டத்தின் நீளம் அகலத்தைப் போல 1.41 மடங்கு. அந்தக் கூடுதல் இடத்தில் அலை சற்றுத் தளர்ந்து, 0.93 ஆற்றலிலேயே தங்கிவிடுகிறது. மூலையிலிருந்து இருபுறமும் நீளும் வாய்க்கால் பகுதிகளில், அதாவது கைகளில், எதில் ஓடவும் அது போதாது. கோலிக்குண்டாக இருந்தால் உருண்டு வெளியே போயிருக்கும். நேரு வீதியும் மிஷன் வீதியும் வெட்டிக்கொள்வதுபோல இரு வாய்க்கால்கள் சந்தித்தால் 0.66தான், பொறி இன்னும் ஆழம். கூர்மூலையே இல்லாத சீரான வளைவிலும் இது நடக்கும் என்பதை 1989-இல் எக்ஸ்னர், ஷேபா ஆகிய இயற்பியலாளர்கள் இருவரும் நிறுவினர்.

கல்லூரி மைக்ரோவேவ் மேசையிலேயே இதைக் காட்டலாம். எலெக்ட்ரான் அலைக்கும் மைக்ரோவேவுக்கும் இங்கே சமன்பாடு ஒன்றுதான்; ஆற்றலின் இடத்தில் அதிர்வெண்ணின் வர்க்கம் வரும். அங்குள்ள 22.86 மி.மீ. அகல உலோக அலைக்குழாய் இதற்கு உதவாது. அதன் மூலை அலை 6.32 கிகாஹெர்ட்ஸில் நிற்கும், மேசைக் கருவி அவ்வளவு கீழே இறங்காது. 8 மி.மீ. தடிமனுள்ள அலுமினியப் பட்டைகளை இரு தகடுகளுக்கு நடுவே வைத்து, 16 மி.மீ. அகலத்தில், கைக்கு 10 செ.மீ. நீளமாக வாய்க்கால் அமையுங்கள். நேர்க் கையில் அலை ஓடத் தொடங்குவது 9.37 கிகாஹெர்ட்ஸில், மூலையில் சிக்குவது 9.03-இல். திருப்பம் 16 மி.மீ. அகலத்தின் தளத்தில் இருக்க வேண்டும். 8 மி.மீ. உயரத்தின் பக்கமாக மடித்தால் பொறியே உருவாகாது. கடையில் கிடைக்கும் திருப்பக் குழாயும் வேண்டாம். அலை தடையின்றிப் போகவே அதன் வெளிமூலையைச் சீவியிருப்பார்கள்.

மூலையிலிருந்து 3 செ.மீ. தள்ளி, கைக்கு ஒன்றாக மேல்தகட்டில் துளையிட்டு, அலையை ஒன்று செலுத்தவும் மற்றொன்று வாங்கவும் ஊசி இறக்குங்கள், 2 மி.மீ. போதும். சிக்கிய அலை, வாங்கும் ஊசியின் அளவீட்டில் ஓர் உச்சியாகத் தெரியும்; ஆழமாக இறக்கினால் அந்த உச்சி அகன்று, இடமும் மாறிவிடும். பட்டை ஓரத்தில் 1 செ.மீ.க்கு ஒரு திருகு அவசியம், ஏனெனில் பக்கச் சுவரில் ஓடும் மின்னோட்டம் அந்த இணைப்பைக் கடந்துதான் தகட்டுக்குப் போகிறது.

அதே இடைவெளியில் ஊசிகளை நேர் வாய்க்காலிலும் வைத்துப் பாருங்கள். 9.03-இல் அங்கே உச்சி தோன்றக் கூடாது. தோன்றினால் மேல்தகட்டின் இணைப்பில் அலை ஒழுகுகிறது என்று பொருள். திருகுகளை இறுக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

– இயற்பியல் ஆசிரியர்கள்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.