ஏரியில் குளிப்போருக்கு வரும் அரிப்பு: மயில்துத்தம் கொட்டுவதைத் தடுத்து, மாடுகளைச் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பெரிய ஏரி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தினர், மாடு வளர்ப்போர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்
(ஊராட்சி, வட்டம் பற்றிய விவரமும் கையொப்பங்களும் இணைப்பில் உள்ளன)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: ஏரியில் குளிப்பவர்களுக்கும் கழனியில் இறங்குபவர்களுக்கும் ஏற்படும் தோல் அரிப்பு – காரணத்தைக் கண்டறிய ஆய்வும் கால்நடை மருத்துவ முகாமும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் எங்கள் ஏரி, தை பிறந்ததும் வடியத் தொடங்கும். கரையோரத் தண்ணீர் வெதுவெதுப்பாகும் அந்த மாதங்களில்தான் பிள்ளைகள் நீச்சல் பழகுகிறார்கள். அரிப்பும் அப்போதுதான் வருகிறது. கரையேறிய சிறிது நேரத்தில் உடம்பில் சுருக்கென்று குத்தும். மறுநாள் தண்ணீர் பட்ட இடமெல்லாம் சிவந்த பருக்கள் எழும்பி, ஒரு வாரம் வரை தூக்கத்தைக் கெடுக்கும். மதகுக்குக் கீழே நாற்று நடும் பெண்களுக்கும் முழங்காலுக்குக் கீழே இதே தடிப்பு வருகிறது. முதல் ஆண்டு லேசாக வந்தவர்களுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் கடுமை கூடுகிறது.

சிரங்கு என்று எண்ணிக் களிம்பு தடவிப் பார்த்தோம். சிரங்கென்றால் வீட்டில் மற்றவர்களுக்கும் ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டவில்லை. தண்ணீரில் இறங்காதவர் யாருக்கும் வரவில்லை.

கடந்த கிராம சபைக் கூட்டத்தில், ஏரியில் மயில்துத்தம் என்னும் செம்பு உப்பைக் கரைத்து நத்தைகளைக் கொன்றுவிடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. தயவுசெய்து அதற்கு அனுமதி தர வேண்டாம் என்பதே எங்கள் முதல் கோரிக்கை. நத்தைக்கும் அரிப்புக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மயில்துத்தம் நத்தையோடு நிற்காது. மீனையும் கொல்லும், செம்பு சேற்றில் தங்கிவிடும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்களின் முதலும் எங்கள் சமையலும் அந்த ஏரியில்தான் இருக்கின்றன.

இந்த வழியை வேறொரு நாட்டில் முன்பே நடந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஏரிகளில் நீந்துபவர்களுக்கு இதே போன்ற அரிப்பு உண்டு. நத்தையிலிருந்து வெளிவரும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத புழுக்குஞ்சுகள் தோலைத் துளைப்பதே காரணம் என்று, அங்குள்ள டக்ளஸ் ஏரியில் ஆய்வு செய்த வில்லியம் கோர்ட் 1928இல் காட்டினார். அதன்பின் பல பத்தாண்டுகள் அங்கே ஏரிகளில் மயில்துத்தம் கொட்டினார்கள். ஊற்றிய இடத்தில் நத்தை சாகும். பிறகு திரும்பி வரும். புழுவின் முட்டையிலிருந்து வரும் குஞ்சு நத்தைக்குள் புகுந்து வளர்கிறது. அதனால் முட்டை தண்ணீரில் விழுந்துகொண்டே இருக்கும்வரை நத்தையை மட்டும் கொன்று பயனில்லை. அங்கே முட்டையைக் கொண்டுவருவது மீன் தின்னும் ஒரு வகைக் காட்டு வாத்து. ஏரிக்கரைவாசிகள் சங்கமாகச் சேர்ந்து, அரசின் அனுமதியோடு அந்த வாத்துக் குடும்பங்களைப் பிடித்து வேறு நீர்நிலைகளில் விடும் அளவுக்குப் போனார்கள்.

எங்கள் ஏரியில் முட்டையைக் கொண்டுவருவது மாடாக இருக்கலாம் என்று நினைக்கிறோம். மாடுகளின் மூக்கு இரத்த நாளங்களில் வாழும் ஒரு புழுவை, சென்னை மாகாணத்து மாடுகளிலிருந்து எம்.ஏ.என். ராவ் 1933இலேயே விவரித்துப் பெயரிட்டிருக்கிறார். நோய் கண்ட மாட்டின் மூக்குக்குள் காலிபிளவர் போலச் சதை வளரும், சளி ஒழுகும், மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம் கேட்கும். முட்டை அந்தச் சளியோடு தண்ணீரில் விழும். இதன் உறவுப் புழு ஒன்றின் முட்டை சாணத்தில் வரும். இரண்டும் இடையில் தங்கி வளர்வது தட்டையாகச் சுருண்ட ஓடு கொண்ட ஒரே வகை நத்தையில்தான். சாணத்தில் முட்டையிடும் அந்தப் புழுவே மலேயாவின் நெல் வயல்களில் உழவர்களுக்கு அரிப்பை உண்டாக்கியது என்பது 1938இல் நிறுவப்பட்டது. மனித உடலில் இவை வளர்வதில்லை, தோலிலேயே செத்துவிடுகின்றன. ஆகவே இது உயிருக்கு ஆபத்தான நோய் என்று ஊரில் பரவும் பேச்சில் உண்மை இல்லை என்றே நம்புகிறோம்.

எங்கள் ஊர்த் தொழுவங்களில் குறட்டை விடும் மாடுகள் இருக்கின்றன. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். எருமைகள் வெளியில் எதுவும் காட்டாமலே புழுவைச் சுமக்கும் என்பதால் அவற்றையும் ஒதுக்க முடியாது. கால்நடை மருத்துவம் படிக்கும் எங்கள் ஊர் மாணவி ஒருவர் கரையோரத்து நத்தைகளைக் கண்ணாடிக் குவளையில் இட்டு வெயிலில் வைத்தபோது, தண்ணீரில் நுண்ணிய உயிர்கள் நெளிந்ததை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகக் காட்டினார். அது சான்றாகாது, நத்தையிலிருந்து வேறு பல புழுக்களும் வரும். அதனால்தான் முறையான ஆய்வு கேட்கிறோம்.

எனவே, கால்நடை பராமரிப்புத் துறை வழியாக எங்கள் ஊரில் முகாம் நடத்தி, எல்லா மாடு எருமைகளின் மூக்குச் சளியையும் சாணத்தையும் சோதித்து, புழு உள்ளவற்றுக்கு மருத்துவம் செய்ய உத்தரவிட வேண்டுகிறோம். ஏரி நத்தைகளைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக ஒட்டுண்ணியியல் துறைக்கு அனுப்பி முடிவு பெற வேண்டும். அம்முடிவு வரும்வரை ஏரியில் எந்த மருந்தும் ஊற்றக் கூடாது. காட்டுப் பறவைகளைத் தேடிப் பிடித்து மருந்து கொடுப்பது எளிதல்ல. மாட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார். மிச்சிகன்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

எங்களால் ஆனதை நாங்கள் தொடங்கிவிட்டோம். பிள்ளைகள் குளிக்கும் துறையில் மாடு இறக்குவதை நிறுத்தியிருக்கிறோம். கரையேறியதும் ஈரம் காயுமுன் துண்டால் அழுத்தித் துடைக்கச் சொல்கிறோம். ஆனால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேறு இடம் இல்லாமல் தடை நீடிக்காது. கரைக்கு வெளியே, ஊராட்சியின் ஆழ்துளைக் கிணற்றுக்கு அருகில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை ஊராட்சி ஒன்றிய நிதியில் கட்டித் தர வேண்டும். குளிக்கும் துறையில் மட்டும் நத்தை ஒண்டும் ஆகாயத்தாமரையையும் பாசியையும் நாங்களே அகற்ற நீர்வளத் துறையின் அனுமதியும் வேண்டும். ஏரி முழுவதையும் சுரண்டும் எண்ணம் இல்லை.

நத்தை தின்ன வாத்து விடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அறுவடைக்குப் பின் மேய்ச்சல் வாத்துகள் எங்கள் கழனிகளுக்கு வருவதும் உண்டு. ஆனால் வாத்தே சுமக்கும் அரிப்புப் புழுவும் உண்டு என்பதால், ஆய்வு முடியும்வரை அதற்கு நாங்கள் உடன்படவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரிப்போடு வருபவர்களிடம் ஏரியிலோ வயலிலோ இறங்கினார்களா என்று கேட்டுப் பதிவு செய்யவும் அறிவுறுத்த வேண்டுகிறோம். ஏரியின் எந்தக் குளிக்கும் துறையில், எந்த மாதத்தில் அதிகம் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

முகாமை ஏரி நிரம்பும் முன், ஐப்பசிக்குள் நடத்தினால் நல்லது. நாளைக் குறித்துத் தெரிவித்தால், முந்தின நாளே ஊரில் அறிவித்து, காலை ஆறு மணிக்குள் மாடுகளைப் பள்ளி மைதானத்துக்கு ஓட்டி வந்து நிறுத்துவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், கிராம சபைத் தீர்மான நகல், அரிப்புத் தடிப்புகளின் புகைப்படங்கள், குறட்டை விடும் மாடுகளின் உரிமையாளர் பட்டியல்.