கரூர் வெயிலுக்கு ஒரு பேட்டரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. கார் செல்ஃப் எடுக்கவில்லை, புது பேட்டரி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். பேரன் நடை பழகிவிட்டான் என்று படித்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். கோவையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கிவிட்டது. உங்கள் கரூர்ப் பரமத்திப் பக்கம்தான் சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டிவிடுகிறதே, பேட்டரி என்ன பாடுபடும்!

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் கடைக்கு ஓடாதே. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பார். 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 15க்கு மேலேயே நின்றால் சார்ஜ் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மாட்டினால் புது பேட்டரியும் கொதித்து வற்றிப்போகும்.

சூடு ஏற ஏற உள்ளே தண்ணீர் குறையும், பாசிட்டிவ் தகட்டின் ஈயச்சட்டம் அரித்துப்போகும். 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதி என்பது இந்தத் தொழிலில் உள்ள கணக்கு. கடையில் சிசிஏ எண்ணை, அதாவது கடுங்குளிரில் எஞ்சினைக் கிளப்பும் திறனை, பெரிதாகக் காட்டுவார்கள். அது மைனஸ் 18 டிகிரியில் அளப்பது. வண்டிக் கையேட்டில் சொன்ன அளவு இருந்தால் நமக்குப் போதும்.

நீ பார்க்க வேண்டியது தயாரித்த தேதி. கிடங்குச் சூட்டில் சும்மா கிடக்கிற பேட்டரிக்குத் தானாகவே சார்ஜ் இறங்கும். தகட்டில் சல்பேட் இறுகிவிட்டால் அப்புறம் முழுசாக ஏறாது. மேலே பொறித்திருக்கும் மாதத்தைப் படித்துக் காட்டச் சொல். மூன்று மாதத்துக்கு மேல் பழசு என்றால் வேண்டாம். அங்கேயே மீட்டர் வைக்கச் சொல், 12.5க்குக் கீழே இருந்தால் வாங்காதே. பேட்டரி ரகத்தைக் குறிக்கும் 38பி20எல் போன்ற குறியீட்டில் 20 என்பது செ.மீ. கணக்கில் நீளம், கடைசி எழுத்து டெர்மினல் எந்தப் பக்கம் என்பது. அது மாறினால் கேபிள் எட்டாது.

55 மாத வாரண்டி என்றால் அத்தனை மாதமும் இலவசமாக மாற்றித் தருவார்கள் என்றில்லை. ஒரு பகுதிக்குத்தான் இலவச மாற்று, மீதிக்கு விலையில் கழிவு மட்டும். எது எத்தனை மாதம் என்று அட்டையில் எழுதி வாங்கு. சிக்னலில் தானாக அணைகிற வண்டி என்றால் அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் இஎஃப்பி, ஏஜிஎம் என்ற ரகங்களில் கையேட்டில் சொன்னதைத்தான் போட வேண்டும்.

பழையதைச் சுற்றி வெப்ப உறை இருந்தால் மெக்கானிக் ஓரமாகப் போட்டுவிடுவார், கேட்டு மாட்டச் சொல். பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்பு ஆடக் கூடாது; ஆடினால் அதிர்வில் தகட்டில் பூசிய மாவு உதிரும். கழற்றும்போது நெகட்டிவ் கேபிள் முதலில், மாட்டும்போது கடைசியில். மூடி திறக்கிற ரகத்துக்கு மாதம் ஒருதரம் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், ஆர்ஓ தண்ணீரும் ஆசிட்டும் ஊற்றாதே. பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடு, விலையில் கழித்துக்கொள்வார்கள்.

மீட்டர் காட்டிய இரண்டு எண்ணையும் எழுது. பார்த்துவிட்டு வாங்கலாமா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் சிநேகிதன்