"அப்ளை பண்ணியாச்சு சார்": ஆறு மாதம் காத்திருந்த வீட்டு உரிமையாளரின் புகார் கடிதம்

அனுப்புநர்
வீட்டு உரிமையாளர்,
கோவில்பட்டி, தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
வீடு கட்டுமானம் மற்றும் புதுப்பிப்பு நிறுவனம்.

நாள்: 19.05.2025

பொருள்: முதல் மாடி கட்டுமானம், தரைத்தளப் புதுப்பிப்பு. மின் இணைப்புக்கு விண்ணப்பிக்காமலே விண்ணப்பித்ததாகச் சொல்லிப் பணம் பெற்றது, வீட்டின் எர்த்தை (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பை) துண்டித்தது தொடர்பாக.

ஐயா,

கோவில்பட்டியில் என் அப்பா 1988இல் கட்டிய வீட்டின் மேல் 1,050 சதுர அடியில் ஒரு மாடி எழுப்பவும், கீழே அடுப்படியையும் குளியலறையையும் மாற்றிக் கட்டவும் 11.09.2024 அன்று உங்கள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டேன். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் 'மின் இணைப்புப் பணிகள்' என்ற தலைப்பில் 72,000 ரூபாய் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. கட்டுமானக் காலத்துக்கான தற்காலிக இணைப்பு, மாடிக்குப் புதிய மும்முனை (த்ரீ ஃபேஸ்) இணைப்பு, எர்த், கீழ் வீட்டுக்கு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) பொருத்திய புது போர்டு, வயரிங் சரியாக இருக்கிறது என்று சான்று தரும் டெஸ்ட் ரிப்போர்ட் ஆகிய எல்லாமே அதற்குள் அடக்கம். மற்ற வேலைகளுக்குத் தவணை முறையில் பணம் வாங்கிய நீங்கள் இதற்கு மட்டும் முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டீர்கள். "இ.பி.யில் முதலிலேயே கட்டணும்" என்றார் உங்கள் சைட் இன்ஜினியர். அன்றே கட்டினேன். ரசீது இருக்கிறது.

நான் ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறேன். வீட்டில் இருப்பது அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். அப்பாவுக்கு வயது 76, இன்சுலின் போட்டுக்கொள்பவர். அலைய முடியாத இவர்களுக்காகத்தான் இ.பி. வேலையையும் சேர்த்து உங்களிடம் ஒப்படைத்தேன். வேலை பிடிக்க வீட்டுக்கு வந்த அன்று இதே வார்த்தைகளைச் சொன்னவரும் நீங்கள்தான்: "அய்யா ஒரு இடத்துக்கும் அலைய வேண்டாம், எல்லாம் நாங்க பார்த்துக்குறோம்."

அக்டோபர் நடுவில் வேலை தொடங்கியது. முதல் நாளே எங்கள் வீட்டு மெயினிலிருந்து வயர் இழுத்து மிக்ஸரை ஓட்டினார்கள். அப்பா கேட்டதற்கு, "டெம்பரரி சர்வீஸுக்கு அப்ளை பண்ணியாச்சுங்கய்யா, ரெண்டு நாள்ல வந்துரும், அதுவரைக்கும் உங்க லைன்ல ஓட்டிக்கிறோம்" என்றார்கள். மாடிக்குக் கான்கிரீட் போட்டார்கள். பூச்சு முடிந்தது, டைல்ஸ் வேலையும் ஆரம்பித்தது. அந்த இரண்டு நாள் முடியவே இல்லை.

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 340 யூனிட்டைச் சுற்றித்தான் ஓடும், ஆயிரம் ரூபாய்க்குள் பில் வரும். டிசம்பரில் 910 யூனிட், பிப்ரவரியில் 1,180, ஏப்ரலில் 760. 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு, தாண்டிய யூனிட்டுகள் மட்டும் விலை கூடுவதில்லை. 100க்கு மேலே குறைந்த விலையில் கிடைக்கும் யூனிட்டுகளும் அந்தச் சலுகையை இழக்கின்றன. டிசம்பர் பில் ஆறாயிரத்தைத் தொட்டது, பிப்ரவரி பில் ஒன்பதாயிரத்தை நெருங்கியது. மூன்று பில்களிலும் சேர்த்து வழக்கத்தைவிட ஏறக்குறைய 17,000 ரூபாய் அதிகம். ஓய்வூதியப் பணத்தில் அப்பா அதைக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குக் கவலை வேண்டாம் என்று பிப்ரவரி வரை என்னிடம் மூச்சு விடவில்லை.

ஒவ்வொரு வாரமும் உங்கள் அலுவலகத்துக்கு நான் போன் செய்தேன். ஒவ்வொரு வாரமும் ஒரே பதில்: "அப்ளை பண்ணியாச்சு சார், ஃபைல் மேல போயிருக்கு." விண்ணப்ப எண் கேட்டால் அனுப்புகிறோம் என்பார்கள், வராது. ஜனவரி 21 அன்று உங்கள் சைட் இன்ஜினியர், இ.பி. ஆபீஸில் 'பார்த்துக்கொள்ள' இன்னும் 15,000 ரூபாய் வேண்டும் என்றார். கூகுள் பே வழியாக அனுப்பினேன். அனுப்பியது என் தவறுதான், மறைக்கவில்லை. ஆனால் விண்ணப்பமே போகாத ஓர் அலுவலகத்தில் யாரை எதற்காகப் பார்த்துக்கொண்டீர்கள்? உங்கள் ஆட்கள் வாங்கிய பணத்துக்கு அங்கே வேலை பார்ப்பவர்களின் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். எனக்கு இது பண இழப்பை விடப் பெரிய குற்றமாகத் தெரிகிறது.

இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மின் இணைப்பு விண்ணப்பத்தில் முக்கியமாகக் கேட்பதே பளு எத்தனை கிலோவாட் என்பதுதான். மாடியில் எத்தனை ஏ.சி., கீசர் எத்தனை வாட், மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று உங்களில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. கேட்காமல் எதை நிரப்பினீர்கள்? மாடியில் என் தம்பி குடும்பம் குடிவரப்போகிறது. ஒன்றரை டன் ஏ.சி. இரண்டு, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு குதிரைத்திறன் மோட்டார், ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் ஒன்பது கிலோவாட் வருகிறது. தமிழ்நாட்டில் ஒருமுனை (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பு நான்கு கிலோவாட் வரைதான். அதற்கு மேல் மும்முனைதான் வாங்க வேண்டும், ஒப்பந்தத்திலும் மும்முனை என்றுதான் இருக்கிறது. நீங்கள் மாடி முழுவதற்கும் ஒரே ஃபேஸில் வயரிங் செய்து 32 ஆம்பியர் மெயின் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஒன்பது கிலோவாட் ஒரே ஃபேஸில் ஓடினால் நாற்பது ஆம்பியர் இழுக்கும். இந்தக் கணக்கு ஒரு வயர்மேனுக்குக்கூடத் தெரியும். உங்கள் நிறுவனத்தில் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள்.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

எங்கள் ஊர் கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். எர்த் குழியைச் சுற்றி மண் சுருங்கி விலகினால் எர்த் இருந்தும் இல்லாததுபோலத்தான். அதனால் அப்பா முப்பது வருடமாக வாரம் தவறாமல் பின்பக்க எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். குளியலறையைப் பெரிதாக்க அஸ்திவாரம் தோண்டியபோது உங்கள் ஆட்கள் அந்தக் குழியின் மேலேயே கான்கிரீட் போட்டு மூடியிருக்கிறார்கள். எர்த் வயரை வெட்டி, நுனியைச் சுவருக்குள் பூசிவிட்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றப் போன அப்பா இடம் தேடியிருக்கிறார். "வேற எடத்துல போட்டுட்டோம்யா" என்றார்களாம். வேறு எந்த இடத்திலும் போடவில்லை.

மார்ச் 4 அன்று குளியலறையில் டைல்ஸ் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வயரில் இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்ததாகப் பிறகு வந்து பார்த்த வயர்மேன் சொன்னார். தரையெல்லாம் தண்ணீர். அம்மா அடுப்படிக் குழாயைத் திறக்கக் கை வைத்ததும் தூக்கி எறியப்பட்டுச் சுவரில் மோதி விழுந்தார். வலது கை விரல்களில் கொப்புளம், தோள்பட்டையில் அடி. கொத்தனார் ஒருவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். அந்த மனிதரை நான் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டேன். அன்று இரவு போனில் அம்மா சொன்னது, "ஒண்ணுமில்லப்பா, குழாயத் தொட்டேன், சுரீர்னுச்சு, அவ்வளவுதான். நீ லீவு போட்டு வராத." மருத்துவமனையில் ஒரு நாள் இதயத் துடிப்பைக் கண்காணித்தார்கள் என்பதை அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் எர்த் இருந்திருந்தால், அல்லது நீங்கள் பணம் வாங்கிக்கொண்ட ஆர்.சி.சி.பி. கீழ் வீட்டு போர்டில் இருந்திருந்தால், அம்மாவுக்கு இது நேர்ந்திருக்காது. முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அது. அதன் விலை எங்கள் பிப்ரவரி பில்லை விடக் குறைவு. தற்காலிக இணைப்பு தனியாக எடுத்திருந்தால் அந்த மெஷின் எங்கள் வீட்டு லைனில் ஓடியிருக்கவே ஓடியிருக்காது. விண்ணப்பம் என்பது வெறும் தாள் வேலை என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது நினைத்திருந்தால் அவரை என் அம்மாவின் கையை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகும் உங்களிடமிருந்து ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை.

ஏப்ரல் 7 அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, பத்திர நகல், வீட்டு வரி ரசீது, ஆதார் எல்லாவற்றோடும் நானே இ.பி. பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். கதவு எண், அப்பாவின் பெயர், என் பெயர், உங்கள் நிறுவனத்தின் கைபேசி எண் என்று எல்லாவற்றையும் கொடுத்துத் தேடச் சொன்னேன். இந்த முகவரிக்குத் தற்காலிக இணைப்புக்கும் விண்ணப்பம் இல்லை, மும்முனை இணைப்புக்கும் இல்லை. ஆறு மாதம் நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை.

ஏப்ரல் 9 அன்று நானே இணையத்தில் விண்ணப்பித்தேன். விண்ணப்ப எண் அன்றே என் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. பதிவுக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், மீட்டர் வைப்புத்தொகை, பாதுகாப்பு வைப்புத்தொகை என்று தனித்தனித் தலைப்பில், ஒவ்வொன்றுக்கும் ரசீதோடு, பணம் கட்டினேன். அதற்குப் பிறகு தாமதமானது உங்கள் வயரிங்கால்தான். அந்த வயரிங்கை வந்து பார்வையிட்ட உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் எவரும் அதற்கு டெஸ்ட் ரிப்போர்ட் தர முன்வரவில்லை. மீட்டர் பெட்டியை மாடிப்படிக்குக் கீழே மழைச்சாரல் அடிக்கும் இடத்தில் வைத்திருந்தீர்கள். வேறொருவரை வைத்து மூன்று ஃபேஸுக்கும் பளுவைப் பிரித்து மாற்றி, புது எர்த் குழி இரண்டு போட்டு, இரண்டு தளத்துக்கும் ஆர்.சி.சி.பி. வைத்து முடிக்க 41,500 ரூபாய் ஆனது. டெஸ்ட் ரிப்போர்ட் கொடுத்தது ஏப்ரல் 24. மீட்டர் வந்தது ஏப்ரல் 29.

ஐந்து நாள், ஐயா. ஒன்றிய அரசின் மின்சார (நுகர்வோர் உரிமைகள்) விதிகள் 2020இல் வந்தன. பிப்ரவரி 2024 திருத்தத்தின்படி, எல்லா ஆவணங்களோடும் விண்ணப்பித்தால் பெருநகரங்களில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமங்களில் 15 நாளுக்குள் இணைப்பு தர வேண்டும். புது லைன் இழுக்க வேண்டிய இடத்தில்தான் கூடுதல் காலம் ஆகும். எங்கள் வீட்டு வாசலிலேயே மின்கம்பம் நிற்கிறது. 'ஃபைல் மேலே போயிருக்கிறது' என்று ஆறு மாதம் சொல்ல இங்கே இடமே இல்லை.

இன்னொன்று அண்மையில்தான் தெரியவந்தது. பிப்ரவரியில் பின்தெருவில் நீங்கள் தொடங்கிய வேறொரு வீட்டின் அஸ்திவார வேலைக்கு எங்கள் மதில் தாண்டி வயர் கொண்டுபோய் நான்கு நாள் மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டார் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குக் கொடுத்த இணைப்பிலிருந்து வேறு இடத்துக்கு மின்சாரம் கொண்டுபோவது மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126இன் கீழ் அனுமதியற்ற பயன்பாடு. பிடிபட்டால் இரு மடங்குக் கட்டணம். எத்தனை நாள் நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். நோட்டீஸ் வந்திருந்தால் அது அந்த வீட்டில் குடியிருப்பவருக்கு, அதாவது என் அப்பாவுக்கு வந்திருக்கும். வாழ்க்கையில் ஒரு பில்லைக்கூடத் தாமதமாகக் கட்டாத மனிதர் அவர்.

நான் கேட்பவை இவைதான். செய்யாத வேலைக்கு வாங்கிய 72,000 ரூபாயையும், ஜனவரியில் வாங்கிய 15,000 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். மூன்று பில்களில் கூடிய தொகையையும் அம்மாவின் மருத்துவச் செலவையும் தாருங்கள், பில்களின் நகல்களை இணைத்திருக்கிறேன். மறு வயரிங்குக்கு ஆன 41,500 ரூபாயில், ஒப்பந்தப்படி நீங்கள் செய்திருக்க வேண்டிய வேலைக்கான பங்கை நான் கேட்கவில்லை. அந்த 72,000 திரும்பினால் அது நேராகிவிடும். உங்கள் ஆட்கள் தவறாகச் செய்ததை உடைத்து எடுத்து மீண்டும் பூசிய கூலி 9,200 ரூபாயை மட்டும் கேட்கிறேன். எர்த் வயரை வெட்டியது யார், யார் சொல்லி வெட்டினார்கள், ஆறு மாதம் என்னிடம் பொய் சொல்லச் சொன்னது யார் என்று எழுத்து மூலம் பதில் வேண்டும். தினக்கூலிக்கு வரும் ஒருவர் மேல் பழியைப் போட்டு முடித்துவிடாதீர்கள். அம்மாவைக் காப்பாற்றியதும் அப்படி ஒருவர்தான்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் பதிவேன். பிரச்சினை எழுந்த மாவட்டத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் வழி செய்திருக்கிறது, உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. ரசீதுகள், ஒப்பந்தம், குரல் பதிவுகள், போட்டோக்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன.

கடைசியாக, பணத்தோடு சம்பந்தம் இல்லாத ஒரு கோரிக்கை. பின்தெரு வீட்டில் இப்போது மாடிப்படி வரை வேலை வந்துவிட்டது. அங்கேயும் ஒரு வயதான அம்மா பகல் முழுக்கத் தனியாக இருக்கிறார். அந்த வீட்டின் தற்காலிக இணைப்புக்கு விண்ணப்ப எண் இருக்கிறதா, எர்த் இருக்கிறதா என்று இந்த வாரத்துக்குள் நீங்களே நேரில் வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
வீட்டு உரிமையாளர், கோவில்பட்டி.

இணைப்பு: ஒப்பந்த நகல், ரசீதுகள், மூன்று மின் கட்டணப் பில்கள், மருத்துவமனைச் சீட்டு, புதிய இணைப்பின் விண்ணப்ப ஒப்புகை, போட்டோக்கள் 11.