‘அங்கே’ என்றால் எங்கே?

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள நண்பா,

கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நீ கைப்பட எழுதிய முதல் கடிதம் வந்து சேர்ந்தது. எழுத்துத்தான் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, கோபம் பழைய அளவிலேயே இருக்கிறது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் ஏரியை ஒரு சுற்றுக்கு மேல் சுற்ற விடுவதில்லை.

உன் கடைசிப் பக்கத்துக்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். "அங்கே நம் கோயிலை இடிக்கிறார்கள், இங்கே மட்டும் நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறாய். ஏறக்குறைய இதே வார்த்தைகள் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் விழுந்தன. மூன்றாம் மாடி பாய், நோன்பு திறக்க ஒரு மாலை பொது மண்டபத்தைக் கேட்டிருந்தார். பஜனைக்கும் பிறந்தநாளுக்கும் கொடுக்கிற மண்டபம்தான். "அங்கே நம்மவர்களுக்குக் கொடுக்கிறார்களா?" என்றார் ஒருவர். பாய் சிவாஜிநகரில் பிறந்தவர், தையல் கடைக்காரர், பாஸ்போர்ட்டே எடுக்காதவர். கையிலிருந்த விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பரவாயில்லை சார்" என்று எழுந்து போய்விட்டார். நான் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

இந்த ‘அங்கே’ கணக்கு நமக்குப் புதிதா? 2016 செப்டம்பரில் சென்னையில் ஒரு கன்னடக்காரர் ஓட்டல் தாக்கப்பட்ட செய்தி வந்த அன்றே இங்கே தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. 1991 டிசம்பர் அதைவிட மோசம். காவிரியில் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் கடன் என் தலையில். அன்றைக்கு என் மனைவி வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தாள். ஆணி மட்டும் பல நாள் சுவரிலேயே நின்றது.

ஓய்வுக்குப் பிறகு ஒரு வழக்கறிஞருக்கு மொழிபெயர்ப்பு வேலை செய்து தருகிறேன் அல்லவா? அதில்தான் துருக்கியும் கிரீஸ் முதலிய நாடுகளும் போருக்குப் பின் செய்துகொண்ட 1923ஆம் ஆண்டு லோசான் அமைதி ஒப்பந்தம் கண்ணில் பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பே கிரீஸும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள உடன்பட்டிருந்தன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு, லட்சக்கணக்கான முஸ்லிம்கள் துருக்கிக்கு. அளவுகோல் மதம் மட்டுமே. துருக்கி மொழியைத் தவிர வேறு எதுவும் பேசத் தெரியாத கிறிஸ்தவர்களும் கிரேக்கர்கள் என்று கப்பலேற்றப்பட்டார்கள்! இஸ்தான்புல்லில் தங்க அனுமதிக்கப்பட்ட கிரேக்கர்களுக்கும் கிரீஸில் இருக்கும் மேற்குத் திரேஸ் பகுதி முஸ்லிம்களுக்கும் லோசான் உரிமைகள் தந்தது. துருக்கி தன் சிறுபான்மையினருக்கு எதைத் தருகிறதோ, அதையே கிரீஸும் தன் நாட்டு முஸ்லிம்களுக்குத் தரும் என்பது அதன் 45ஆம் பிரிவு. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் இரண்டு பக்கத்துச் சிறுபான்மையினரும் பணயக்கைதிகள் ஆனார்கள். 1955 செப்டம்பரில் கிரேக்க நகரான தெசலோனிகியில் துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் பிறந்த வீட்டில் குண்டு வெடித்ததாகச் செய்தி வந்தது. ஒரே இரவில் இஸ்தான்புல்லின் கிரேக்கர் கடைகளும் தேவாலயங்களும் சூறையாடப்பட்டன. இதைத் தமிழாக்கும்போது எனக்கு அந்த ஆணிதான் நினைவுக்கு வந்தது.

பிற்காலச் சட்டம் இந்தக் கணக்கை வேண்டுமென்றே அறுத்தது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, மதச் சிறுபான்மையையும் மொழிச் சிறுபான்மையையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறது. பாயும் நானும் அங்கே ஒரே வரியில் இருக்கிறோம். உரிமை அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஆட்களுடையது, இன்னொரு நாட்டின் நடத்தைக்கு ஈடாகக் கிடைப்பது அல்ல. 18ஆம் பிரிவு சொல்லும் மதச் சுதந்திரத்தை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. ஒப்பந்தத்தை ஒரு நாடு கடுமையாக மீறினால் மற்ற நாடும் அதை நிறுத்திவைக்கலாம் என்பது பொது விதி. நாடுகளின் ஒப்பந்தங்களுக்கே விதி வகுக்கும் 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை அந்த விதியை எழுதிவிட்டு, மனிதரைக் காக்கும் மனிதாபிமான ஒப்பந்தப் பிரிவுகளுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் வைத்திருக்கிறது. அவன் தன் மக்களை அடித்தான் என்பதற்காக நீ உன் மக்களை அடிக்காதே என்பதைச் சட்ட மொழியில் வேறு எப்படிச் சொல்வது?

நீ சிரிப்பாய், தெரியும். இதையெல்லாம் காட்டி எங்கள் மண்டபத்தின் பூட்டைத் திறக்க முடியாதுதான். இந்தியா 1979இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆனால் தனிமனிதர் நேரடியாகப் புகார் அனுப்ப வழி தரும் நெறிமுறையில் சேரவில்லை. எனவே ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு மனுப் போடவும் வழியில்லை. அங்கே கோயில் இடிவதற்கு நீ கொதிப்பதும் தவறில்லை. அந்த ஊர்ச் சிறுபான்மையினருக்காகவும் எழுதப்பட்ட அதே 27ஆம் பிரிவைக் காட்டி அந்த அரசைக் கேள். பாயிடம் ஏன் கேட்கிறாய்?

ஏரிக்கரை வள்ளுவர் சிலையை நீ பார்த்திருக்கிறாய். பதினெட்டு ஆண்டு மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில் திறந்தார்கள். அதற்கு நான்காம் நாள் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞர் சிலை. எனக்கு அன்று மகிழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் வள்ளுவருக்குக்கூட ஈடு வைக்க வேண்டியிருந்ததே என்று ஒரு முள் இப்போதும் குத்துகிறது.

மண்டபம் இல்லாமல் போன மறுநாள் மாலை, பாய் வீட்டுப் பையன் தூக்குச்சட்டியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தான். கூட்டத்தில் நான் உட்கார்ந்திருந்த இடம் அவருக்குத் தெரியும், அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான். சட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மண்டப விதியை எடுத்துப் பேச வேண்டும் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். "பார்க்கலாம் சார்" என்றார். என்ன நடந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள்.

உன்
பழைய அறைத்தோழன்