களைப்பு என்ற ஒரு சொல்

கொக்குவில்
நவம்பர், ஞாயிறு இரவு

அன்புள்ள சுபா,

உன்னுடைய நீட்டுக் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது. பதில் எழுதப் பிந்தியதற்கு மழைதான் காரணம். மழை வந்தால் நுளம்பு, நுளம்பு வந்தால் டெங்கு, டெங்கு வந்தால் எங்கள் வார்டில் இரண்டு கட்டிலுக்கு நடுவிலும் ஒரு பாய். நேற்றுப் புது நோயாளிகளை எடுக்கும் காஷுவல்டி முறை முடித்து வீட்டுக்கு வர விடிந்துவிட்டது. மகள் கதவடியில் நின்று என்னை ஒருக்கால் மேலும் கீழும் பார்த்துவிட்டு, அம்மம்மாவிடம் போய்ப் பால் கேட்டாள். இந்த வயதிலேயே எனக்கு லீவு போட்டுவிட்டாள்.

நீ, அங்கே அமெரிக்காவில் பயிற்சி வைத்தியர்களுக்கு வருடாவருடம் வைக்கும் இன்ட்ரெயினிங் பரீட்சையில் புள்ளி குறைந்துவிட்டது என்று எழுதிய இடத்தை மூன்று தரம் வாசித்தேன். நீ! எங்கள் பட்ச்சில் ஆடியபாதம் வீதி முழுக்கச் சைக்கிளில் கையை விட்டுவிட்டு மண்டை நரம்புகள் பன்னிரண்டையும் ஒப்புவித்தபடி ஓடினவள். இந்த வருடம் உனக்குப் புள்ளி குறைந்ததில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல் வந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஏனென்றால் நான் எம்.டி.யில், நிபுணராவதற்கான அந்தப் பரீட்சையில், விழுந்த கதையை இன்னும் உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. "சரிவரேல்லை" என்று ஒரு வசனம் மட்டும் அனுப்பிவிட்டு போனை நிறுத்தி வைத்தேன். இப்போது சொல்கிறேன். நீ கேட்ட "எப்படிப் படிக்கிறாய்" என்ற கேள்விக்கும் பதில் அதற்குள்தான் கிடக்கிறது.

எழுத்துப் பரீட்சை பரவாயில்லை. விழுத்தியது லோங் கேஸ்தான்: ஒரு நோயாளியைத் தனியே பார்த்துவிட்டுப் பரீட்சகரிடம் சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு வார்ட். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா, சிங்களம் மட்டும்தான் தெரியும். என்னுடைய சிங்களம் இன்டர்ன் செய்த வருடத்தில் குருநாகல் பக்கம் பொறுக்கியது. மருந்து, வயிறு, வலி எல்லாம் வரும், பகிடி வராது. என்ன செய்கிறது என்று கேட்டேன். "மஹன்சியி" என்றா. என் தலைக்குள் அது உடனே "களைப்பு" ஆனது. பிழையில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து ஆச்சிமார் "களைக்குது பிள்ளை" என்றால் என்ன அர்த்தம்? கிணற்றடியிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வர மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். பத்து வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டவுடன் என் கை தானாக ஸ்டெதஸ்கோப்பைத் தேடும். அன்றும் தேடியது. சிங்களத்திலிருந்து தமிழுக்கு ஒரு பாய்ச்சல், தமிழிலிருந்து இங்கிலிசுக்கு இன்னொரு பாய்ச்சல். இரண்டாவது பாய்ச்சலில் சோர்வு மூச்சிரைப்பாகிவிட்டது. கால் வேறு வீங்கியிருந்தது. இனி என்ன வேண்டும்? ஆறு மாதமாக நடக்க மூச்சு வாங்கும் ஒரு பெண், இருதயம் பலவீனம் என்று எவ்வளவு வடிவாக, எவ்வளவு சரளமாகச் சொன்னேன் தெரியுமா?

பரீட்சகர் குறுக்கே பேசவில்லை. முடிந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: அவ சொன்ன சொல் என்ன? "மஹன்சியி" என்றேன். அவர் கட்டில் பக்கம் திரும்பி, "ஹதி தியெனவாத?" என்றார். மூச்சு வாங்குமோ என்று. அந்த அம்மா சிரித்துக்கொண்டு, "நெஹெ, மஹத்தயா" என்றா.

அப்போதுதான் எனக்கு அவவின் குரல் கேட்டது. கரகரத்த, மெதுவான குரல். காய்ந்த தோல். நாடி அறுபதுக்குக் கீழே என்று நானே எழுதி வைத்திருந்தேன். வீங்கிய காலை அமத்தினேன். குழி விழவேயில்லை என்பதையும் எழுதினேன். ஆனால் அதை ஒரு பக்கத்தில் போட்டுவிட்டேன். குதிக்கால் தசைநாரைத் தட்டிப் பார்த்திருந்தால் கால் தூங்கித் தூங்கித் திரும்பி வந்திருக்கும். தைரொயிட் சுரப்பி மந்தம். மூன்றாம் வருடப் பிள்ளை சொல்லும். யாழ்தேவியில் திரும்பி வரும்போது அனுராதபுரம் வரை அழுகை, அதற்குப் பிறகு பசி.

இதில் எனக்குத் தெரியாதது எது, சொல்லு பார்ப்பம்? ஒன்றுமில்லை. தைரொயிட் பற்றி ஒரு மணித்தியாலம் விரிவுரை தரலாம். அந்த அத்தியாயத்தை மூன்று நிறத்தில் கோடிட்டு நாலு தரம் வாசித்தவள் நான். நாலு தரம் வாசித்ததால்தான் தெரியும் என்ற நினைப்பு வந்தது. நீ முந்தி அனுப்பின கட்டுரை ஞாபகமிருக்கா, 2006இல் ரோடிகரும் கார்பிக்கும் செய்த ஆய்வு? ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டால், ஒருக்கால் வாசித்துவிட்டுத் தங்களைத் தாங்களே சோதித்தவர்கள்தான் முன்னுக்கு. அதை அப்போது வாசித்து, அதற்கும் கோடு போட்டு, மறந்துவிட்டேன்.

அதனால் இந்த முறை படிப்பு வேறு மாதிரி. ஒரு சிங்கிள் ரூல் கொப்பி வாங்கினேன். மகள் அதற்கு மேலே ஒரு ஆனை கீறியிருக்கிறாள். பேர், விழுந்த கொப்பி. ஒரு கேள்வி பிழைத்தால் சரியான விடையை எழுதுவதில்லை, அது புத்தகத்திலேயே கிடக்கிறது. நான் என்ன நினைத்தேன், எந்தச் சொல்லில் தடக்குப்பட்டேன் என்று இரண்டு வரி. ஒரு மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. பாதிக்கு மேலே தெரியாமல் விழுந்தவை அல்ல. "அடுத்து என்ன செய்வாய்" என்று கேட்டதற்கு "என்ன வருத்தம்" என்ற விடையைத் தேடி எடுத்தது, கேள்வியில் வயதைப் பாராமல் விட்டது, சோடியம் குறைவு என்று கண்டவுடன் மிச்சத்தை வாசிக்காமல் பாய்ந்தது. எல்லாம் அந்த அம்மாவின் கட்டிலடியில் செய்த அதே வேலை.

உன்னுடைய போர்ட் பரீட்சைக்கும் இதைத்தான் சொல்வேன். எந்தக் கேள்வி வங்கி நல்லது என்று கேட்டிருந்தாய். எதை வாங்கினாலும் ஒன்றை வாங்கு, இரண்டாவதை வாங்காதே. திரை மூலையில் காட்டும் சரி வீதத்தைப் பார்த்துப் பார்த்து மனம் உடைகிறது என்கிறாய். அந்த மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடு. ஓகஸ்டில் உனக்கு ஒரே நாள்: 60 கேள்விப்படி நாலு அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம், மொத்தம் 240 வரை. கேள்விக்கு இரண்டு நிமிடம். எட்டு மணித்தியாலம் மூளையை இருத்தி வைப்பதே ஒரு தனிப் பயிற்சி. ஓய்வு நாளில் ஒன்றரை மாதத்துக்கு ஒருக்காலாவது முழு நாளும் இருந்து பார். கேள்விகளில் இருதயம் மட்டும் 14 வீதம். சுரப்பிகள், குடல், தொற்று, நுரையீரல், மூட்டு ஒவ்வொன்றும் 9. தோல் 3தான். நீ தோல் படிக்க ஆசைப்படுவாய், எனக்குத் தெரியும். பிறகு படி.

இன்னொன்று. எங்கள் காலத்துச் சரி பிழைக் கேள்வியில் பிழைக்குப் புள்ளி வெட்டுவார்கள் என்று பயந்து வெறுமையாக விட்டுவிட்டு வந்த கை இது. உன்னுடைய பரீட்சையில் வெட்டுவதில்லை. ஒன்றையும் விடாதே. இரண்டு விடைக்கு நடுவில் ஊசலாடினால் முதல் மனதில் பட்டதை மாற்றாதே என்று சீனியர்மார் சொல்வார்கள்; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கேள்விக்குள் நீ விட்ட ஒரு சொல்லை இப்போது கண்டால் மாற்று. பயத்தில் மட்டும் மாற்றாதே.

நேரம்? கிழமைக்கு 80 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று 2003இலிருந்து அங்கே விதி வைத்திருக்கிறார்கள், அதுவும் நாலு கிழமைச் சராசரி என்று நீ அலுத்துக்கொண்டாய். இங்கே எங்களுக்கு ஆரும் எண்ணுவதில்லை, ஆகையால் அலுப்புமில்லை. நான் காலை நாலரைக்கு எழும்பி ஆறுக்குள் பதினைந்து கேள்வி. அவ்வளவுதான். மிச்சம் வார்டில். ஒவ்வொரு காஷுவல்டி நாளும் ஒரு நோயாளியை எடுத்து, பி.எச்.ரி. என்ற கட்டில் குறிப்பைப் பாராமல், எங்கள் எச்.ஓ., அதாவது இன்டர்ன், பொடியனுக்கு ஆறு நிமிடத்தில் வாய்விட்டுச் சொல்வேன். அவனுக்கு ஒரே ஒரு உத்தியோகம்: நான் முடித்தவுடன் "அவை சொன்ன சொல் என்ன, அக்கா?" என்று கேட்பது. முதலில் கூச்சப்பட்டான். இப்போது என்னை மடக்குவதில் அவனுக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

இந்தச் சொல் விஷயத்தில் எனக்குக் கிறீன் வைத்தியரின் ஞாபகம்தான் வரும். நீ மானிப்பாய்க்காரி, உனக்குச் சொல்லத் தேவையில்லை. 1847இல் இலங்கையில் வந்து இறங்கி, உங்கள் ஊரில் வைத்தியம் பார்த்த அமெரிக்கர், முதலில் இங்கிலிசில் படிப்பித்தார், பிறகு அதை விட்டுத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார்; பாடப் புத்தகங்களையும் தமிழில் ஆக்குவித்தார். சின்ன வயதில் இதைக் கேட்கும்போது தமிழ்ப்பற்று என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரிப் படுகிறது. களைப்பு, இழுப்பு, முட்டு, விறைப்பு, நாரி நோ என்று நோயாளி கொண்டு வரும் சாமான் எல்லாம் தமிழில் இருக்க, அதைத் தூக்கி வைக்கும் தட்டு மட்டும் இங்கிலிசில் இருந்தால் எங்கேயோ கொட்டும் என்று அந்த மனிசன் கண்டிருக்க வேண்டும். அவர் பிறந்ததும், 1884இல் இறந்ததும் மாசசூசெட்ஸில் வூஸ்டரில். நீ இருக்கும் இடத்திலிருந்து ஒரு மணித்தியாலம்தானே? ஸ்னோ கொட்டுமுன் ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வா. உன் பேரன் பூட்டன் எவருக்காவது அவரின் ஆக்கள் மருந்து கொடுத்திருப்பார்கள்.

பயிற்சி முடிய வேலையா, பெலோஷிப் என்ற மேல் சிறப்புப் பயிற்சியா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன், கோபிக்காதே. நீ சிறுநீரகத்துக்குப் போக ஆசைப்படுவதாக எழுதவில்லை. "எல்லாரும் போகினம்" என்று எழுதியிருக்கிறாய். அது காரணமில்லை. இரண்டு வருடம் ஹொஸ்பிட்டலிஸ்டாக, அதாவது ஆஸ்பத்திரி வார்ட் வைத்தியராக, வேலை செய்துவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். உன்னுடைய ஜே-1 பயிற்சி விசாதான் கழுத்தில் கிடக்கும் கயிறு. படிப்பு முடிய இரண்டு வருடம் ஊருக்குத் திரும்பி இருக்க வேண்டும், இல்லையென்றால் வைத்தியர் தட்டுப்பாடான ஒரு இடத்தில் மூன்று வருடம் வேலை செய்து விலக்கு வாங்க வேண்டும். அதுவும் ஒரு மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 இடம் என்கிறாய். மூன்று வருடம் எங்கேயோ சோளக் காட்டுக்குள் இருப்பது தனிமை என்று உன் அம்மா என்னிடம் வந்து அழுதா. நான் சொன்னேன், "அன்ரி, உங்கடை மகள் இன்டர்ன் செய்த இடத்திலை ஆனை வந்து கேட்டை உடைச்சது, சோளம் என்ன செய்யும்?" இல்லை, இரண்டு வருடம் இங்கே வந்து இருப்பதென்றால், வா. மேல்வீடு சும்மாதான் கிடக்கிறது. இரவு நேரத்தில் என்னிடம் கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும்.

எனக்கு அடுத்த வருடம் இரண்டாம் தரம். பாஸானால் சீனியர் ரெஜிஸ்ட்ரார், பிறகு வெளிநாட்டில் ஒரு வருடப் பயிற்சி, அதற்குப் பிறகுதான் போர்ட் சேர்டிபிகேசன். மகள் அப்போது ஸ்கொலஷிப் வகுப்புக்கு வந்துவிடுவாள், இரண்டு பேரும் ஒரே மேசையில் படிப்போம் என்று இவர் பகிடி பண்ணுகிறார். இவர் பகிடி பண்ணும் நாட்களில் புட்டும் அவிப்பார், அதனால் பொறுத்துக்கொள்கிறேன்.

ஒடியல் மாவும் புழுக்கொடியலும் அம்மா கட்டி வைத்திருக்கிறா. டிசம்பரில் பொஸ்டன் பக்கம் வரும் ஒரு சொந்தக்காரரிடம் கொடுத்து விடுகிறோம். கூழ் காய்ச்சும்போது படம் அனுப்பு.

சனிக்கிழமையிலிருந்து தொடங்குவோமா? உனக்கு வெள்ளி இரவு ஒன்பதரை, எனக்குச் சனி காலை எட்டு. ஆளுக்கு ஒரு கேஸ், புத்தகம் மூடி, போனைக் காதில் வைத்தபடி. முதல் கேஸ் நான் தருகிறேன், இப்பவே யோசி.

வடமராட்சியிலிருந்து ஒரு தோட்டக்கார ஐயா, 62 வயது. ஒன்பது நாளாகக் காய்ச்சல், தலையிடி. வெளியில் குடுத்த அன்ரிபயோட்டிக்குக் கேட்கவில்லை. டெங்கு இல்லை. பிளேட்லட் கொஞ்சம் குறைவு, ஈரல் நொதியம் கொஞ்சம் கூட. மகள் ஒரு பக்கத்தில் நின்று, "ரெண்டு நாளா அப்பாக்குக் காதும் மந்தமாக் கிடக்கு டொக்டர்" என்றா. எச்.ஓ. "தோலில் ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறான். ஐயா சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்க விடவில்லை. நான் மகளை வெளியில் அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தேன்.

என்ன தேடினேன், என்ன மருந்து தொடங்கினேன்? சனிக்கிழமை சொல்லு. கூகிளில் பார்த்தால் எனக்குத் தெரியும்.

உன்,
வாணி